ரீமான் சால்வர் கற்க எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான். இயந்திரப் பொறியியல் படித்தவர், வேலையில் ஓபன்ஃபோம் என்ற திறந்த ஓட்டக் கணிப்பு மென்பொருளை ஓட்டிப் பழகியவர் கேட்கிறார். ஒலியை மிஞ்சும் வேகத்தில் போகும் ஓட்டத்துக்குச் சொந்தமாக ஒரு கோட் எழுத ஆசை. இடத்தைச் சிறு செல்களாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் வால்யூம் முறையின் பாடங்களைத் திறந்தால் இரண்டாம் வாரமே ரோ சால்வர், ஐகென் வெக்டர், என்ட்ரோபி திருத்தம் என்று வந்து நிற்கிறது. வரிவரியாகக் கணக்கைப் பின்தொடர முடிகிறது. ஆனால் எதற்காக இதையெல்லாம் செய்கிறோம் என்பது பிடிபடவில்லை. எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் போவது?

ரோ சால்வரில் தொடங்கியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அது 1981இல் வந்தது. அதற்கு முன்பே இருபது வருடங்களுக்கு மேலாக இந்தத் துறை ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வி மனதில் ஊறாமல் பதிலை மட்டும் படித்தால் அது வெறும் மேட்ரிக்ஸ் பெருக்கலாகத்தான் தெரியும். கேள்வி எளிமையானது: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு செல்களுக்கு நடுவிலுள்ள சுவர் வழியே, ஒரு சிறு நேரத்தில், எவ்வளவு நிறையும் உந்தமும் ஆற்றலும் கடந்து போகின்றன?

வயலில் பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாத்தியிலும் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம். அடுத்த நிமிடம் எவ்வளவு நிற்கும் என்று சொல்ல, பாத்திக்குள்ளே நீர் எப்படிச் சுழல்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. மடைகள் வழியே வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று தெரிந்தால் போதும். இதுவரை தோராயம் எதுவுமே இல்லை, இது துல்லியமான வரவு செலவு. தோராயம் ஓரிடத்தில்தான் நுழைகிறது: மடையில் பாயும் அளவை, இரு பக்கத்துப் பாத்திகளின் சராசரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்குப் பெயர்தான் ஃப்ளக்ஸ். ரோ, எச்எல்எல், ஆஷர் என்று நீங்கள் கேள்விப்படும் அத்தனை சால்வர்களும் அந்த ஊகத்தைச் செய்யும் வெவ்வேறு வழிகள், அவ்வளவுதான். இவற்றுக்குப் பொதுப் பெயர்தான் ரீமான் சால்வர்.

ஆகவே உங்கள் கண் எப்போதும் சுவரின் மேல் இருக்கட்டும். கோட் எழுதும்போதும் அப்படியே. செல்கள் மேல் ஓடும் லூப்புக்குள் ஃப்ளக்ஸைக் கணக்கிடாதீர்கள். சுவர்கள் மேல் ஒரு லூப் ஓட்டி, ஒவ்வொரு சுவருக்கும் ஒரே ஒரு முறை ஃப்ளக்ஸைக் கண்டுபிடித்து, அதை இடது செல்லில் கழித்து வலது செல்லில் கூட்டுங்கள். அப்படி எழுதிவிட்டால், ஊகம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் மொத்த நிறை மாறாது. ஒரு பக்கம் போனது மறுபக்கம் வந்தே தீரும்.

முதல் பயிற்சி, மாறா வேகத்தில் நகரும் ஒரு வடிவம். இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துச் செல்லின் மதிப்பை எடுத்து ஃப்ளக்ஸ் ஆக்குங்கள். இரண்டு பக்க மதிப்புகளின் சராசரியை எடுத்து, நேரத்தில் எளிய முன்னோக்கு அடி வைத்தும் பாருங்கள். கோட் வெடிப்பதைக் கண்ணால் பார்ப்பது நல்லது. அப்புறம் நேர அடியைக் கூட்டிப் பாருங்கள். ஒரு அடிக்குள் அலை ஒரு செல்லின் அகலத்தைத் தாண்டினால் எல்லாம் குலைந்துபோகும். கூராண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928இல் சொன்ன நிபந்தனை இது. அப்போது இந்த வேலைக்குக் கணினியே கிடையாது.

இரண்டாவது பயிற்சியில் மட்டும் அவசரப்படாதீர்கள். பர்கர்ஸ் சமன்பாடு. இதில் நகரும் அளவே தன் வேகமாகவும் இருக்கிறது. பெரிய மதிப்பு சிறியதைத் துரத்திப் பிடிக்கும், பிடித்த இடத்தில் ஷாக், அதாவது மதிப்பு திடீரெனத் தாவும் முகப்பு, உருவாகும். இடப்பக்கம் முழுக்க 1, வலப்பக்கம் முழுக்க 0 என்று வைத்துத் தொடங்குங்கள். சரியான விடை நமக்குத் தெரியும்: படி வடிவம் மாறாமல், இரண்டு மதிப்புகளின் சராசரியான 0.5 வேகத்தில் வலப்பக்கம் நகர வேண்டும்.

இதை முதலில் தவறான வழியில் எழுதுங்கள். "மதிப்பை அதன் சரிவால் பெருக்கு" என்று பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒவ்வொரு செல்லுக்கும் போடுங்கள். வலப்பக்கச் செல்லில் மதிப்பு 0. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். அந்தச் செல் மாறவே மாறாது. ஷாக் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கும். கோட் வெடிக்காது, வரைபடம் அழகாக இருக்கும், விடை முழுக்கத் தவறு. செல்களை நூறிலிருந்து பத்தாயிரமாக்கினாலும் அதே தவறுதான். இப்போது சுவர் கணக்காக எழுதுங்கள். ஃப்ளக்ஸ் என்பது மதிப்பின் வர்க்கத்தில் பாதி. இடப்பக்கத்திலிருந்து 0.5 உள்ளே வருகிறது. செல் அகலம் 0.1, நேர அடி 0.05 என்றால் முதல் அடியிலேயே அந்தச் செல் 0.25 ஆகிவிடும், அடுத்த அடியில் ஏறக்குறைய 0.48. ஷாக் நகரத் தொடங்கிவிட்டது, சரியான வேகத்தில்.

இந்த ஒரு சோதனை எனக்குக் கற்றுக்கொடுத்ததைப் பல மாதப் படிப்பு கற்றுக்கொடுக்கவில்லை. ஷாக் இருக்கும் இடத்தில் சரிவு என்ற ஒன்றே கிடையாது. சரிவை வைத்து எழுதிய சமன்பாடு அங்கே செல்லாது. வரவு செலவு மட்டும் செல்லும். ஆனால் எந்தப் பொருளின் வரவு செலவு என்பதும் முக்கியம். பர்கர்ஸ் சமன்பாட்டை அதன் மாறியாலேயே பெருக்கி, வர்க்கத்தில் பாதியைப் பாதுகாக்கும் இன்னொரு சமன்பாடு ஆக்கலாம். வடிவம் வழவழப்பாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றே. ஷாக் வந்ததும் பிரிந்துவிடும்: முதலாவது 0.5 வேகம் என்னும், இரண்டாவது மூன்றில் இரண்டு பங்கு என்னும். எது சரி என்பதைக் கணிதம் சொல்லாது, இயற்பியல்தான் சொல்ல வேண்டும். வாயு ஓட்டத்தில் நிறை, உந்தம், மொத்த ஆற்றல் ஆகிய மூன்றை மட்டும் செல்லில் சேமித்து, அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அவற்றிலிருந்து பிரித்தெடுப்பது இதனால்தான்.

இதே இடத்தில் பெரிய மேதையே தடுக்கியிருக்கிறார். ரீமான் 1860இல் வெளியிட்ட கட்டுரையில்தான் முதன்முதலாக இந்தக் கணக்கை எடுத்தார்: இரண்டு பக்கமும் இரு வேறு நிலையில் வாயு, நடுவில் திடீர்த் தாவல், அதன் பிறகு என்ன ஆகும்? அலைகள் எப்படிப் பிரியும் என்பதைச் சரியாகக் கண்டார். ஆனால் ஷாக்கைக் கடக்கும்போது என்ட்ரோபி மாறாது என்று எடுத்துக்கொண்டார். அதனால் ஆற்றல் கணக்கு உதைத்தது. ரேங்கின் 1870இலும், ஹியூகோனியோ 1880களின் இறுதியிலும் அதைச் சரிசெய்தார்கள்.

பர்கர்ஸை விடுவதற்கு முன் இன்னொரு சோதனை. இடப்பக்கம் −1, வலப்பக்கம் 1. இரண்டும் நடுவிலிருந்து விலகி ஓடுகின்றன. இடையில் விசிறி போல ஒரு சரிவு விரிய வேண்டும். சுவரில் மதிப்பு 0, ஃப்ளக்ஸ் 0. இப்போது "இரு பக்க மதிப்புகளின் சராசரி எந்தப் பக்கம் நகர்கிறதோ அதைப் பார்த்து ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடு" என்ற விதியைப் போட்டுப் பாருங்கள். சராசரி 0, எந்தப் பக்கத்தை எடுத்தாலும் ஃப்ளக்ஸ் 0.5. எல்லாச் சுவர்களிலும் அதே 0.5 என்பதால் எந்தச் செல்லும் மாறாது. விரிய வேண்டிய விசிறி, விரியாத தாவலாக நின்றுவிடும். வரவு செலவு சரியாக இருந்தும் விடை இயற்கைக்கு விரோதம். இதற்குத்தான் என்ட்ரோபி திருத்தம். நீங்கள் ரோ சால்வரில் சிக்கிக்கொண்ட அந்தப் பக்கம் இதைத்தான் சொல்கிறது. இரண்டு எண்களை வைத்து இங்கே பார்த்துவிட்டால் அங்கே பயம் இருக்காது.

சரி, இப்போது வாயுவுக்கு வரலாம். 1954இல் மாஸ்கோவில் செர்கெய் கோடுனோவ் என்ற இளம் கணிதர் கண்ட வழி இது. கட்டுரையாக 1959இல் வந்தது. ஒவ்வொரு செல்லிலும் ஒரே ஒரு சராசரி மதிப்பு இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சுவரிலும் இடப்பக்கம் ஒரு நிலை, வலப்பக்கம் ஒரு நிலை, நடுவில் தாவல். அது அப்படியே ரீமானின் பழைய கணக்கு! அதற்குச் சரியான விடை நமக்குத் தெரியும் என்றால், சுவரில் என்ன நிலை நிலவும் என்பதும் தெரியும், அதிலிருந்து ஃப்ளக்ஸ் வந்துவிடும். நூறு சுவர் என்றால் ஒவ்வொரு நேர அடியிலும் நூறு ரீமான் கணக்கு. நூறாண்டு பழைய ஒரு தேற்றக் கணக்கை எடுத்துச் சுவருக்குச் சுவர் கருவியாக்கிய அந்த யோசனை இன்றும் எனக்கு வியப்புதான்.

எனவே உங்கள் மூன்றாவது பயிற்சி, வாயுவுக்கான துல்லியமான ரீமான் சால்வரை நீங்களே எழுதுவது. "நடைமுறையில் யாரும் இதைப் பயன்படுத்துவதில்லை, நேராகத் தோராய சால்வருக்குப் போ" என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். எழுதினால் நூறு வரிக்குள் முடியும்; எழுதாவிட்டால் தோராயங்கள் எதைத் தோராயமாக்குகின்றன என்பது கடைசிவரை தெரியாது.

அதன் உள்ளமைப்பைச் சொல்கிறேன். தாவல் உடைந்ததும் மூன்று அலைகள் பிரிகின்றன. இரு ஓரங்களிலும் போகும் அலை ஷாக்காக இருக்கலாம், அல்லது வாயு விரிந்து அழுத்தம் படிப்படியாக இறங்கும் விரிவலையாக இருக்கலாம். நடுவில் போவது கான்டாக்ட்; முதலில் இடப்பக்கம் இருந்த வாயுவும் வலப்பக்கம் இருந்த வாயுவும் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லை அது. அந்த எல்லைக்கு இரு புறமும் அழுத்தம் ஒன்றே, திசைவேகமும் ஒன்றே, அடர்த்தி மட்டும் வேறு. ஆக, தெரியாதது ஒரே ஒரு எண்: நடு அழுத்தம். அதை ஊகித்துக்கொள்ளுங்கள். இடப்பக்க வாயு அந்த அழுத்தத்துக்கு வர என்ன திசைவேகம் அடையும்? ஊகித்த அழுத்தம் அதன் சொந்த அழுத்தத்தைவிடக் கூடுதல் என்றால் ஷாக்; அதன் இரு பக்கத்தையும் வரவு செலவால் இணைக்கும் ரேங்கின்–ஹியூகோனியோ சூத்திரம். குறைவு என்றால் விரிவலை. என்ட்ரோபி மாறாத சூத்திரம். வலப்பக்கத்துக்கும் அதேபோல. இரண்டு திசைவேகங்களும் ஒத்துப்போகும்வரை நியூட்டன் முறையில் அழுத்தத்தைத் திருத்துங்கள். நல்ல தொடக்கம் இருந்தால் நாலைந்து சுற்றில் முடிந்துவிடும்.

சரிபார்க்க, 1978இலிருந்து எல்லோரும் பயன்படுத்தும் சோடின் ஷாக் குழாய் இருக்கிறது. இடப்பக்கம் அடர்த்தி 1, அழுத்தம் 1. வலப்பக்கம் அடர்த்தி 0.125, அழுத்தம் 0.1, இரண்டும் அசையாமல் நிற்கின்றன, வெப்பக்கொள்ளளவு விகிதம் 1.4. உங்கள் சால்வர் நடு அழுத்தம் 0.30313, நடுத் திசைவேகம் 0.92745 என்று தர வேண்டும். கான்டாக்டின் இடப்பக்கம் அடர்த்தி 0.42632, வலப்பக்கம் 0.26557. ஷாக்கின் வேகம் 1.7522. நான்காம் தசமத்தில்கூட வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் எங்கோ பிழை இருக்கிறது, மேலே போகாதீர்கள்.

இதைச் சுவருக்குச் சுவர் வைத்து நூறு செல்களோடு ஓட்டி, 0.2 நேரத்தில் அடர்த்தியை வரையுங்கள். குழாயின் நீளம் 1, தடுப்பு 0.5இல் என்றால் ஷாக் 0.85இலும் கான்டாக்ட் 0.685க்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். இடம் சரியாக இருக்கும். ஆனால் படத்தை நிதானமாகப் பாருங்கள். ஷாக் சில செல்களுக்குள் நிமிர்ந்து நிற்கும்; கான்டாக்ட் அதைவிடப் பல மடங்கு பரந்து கரைந்து கிடக்கும். ஏன்? ஷாக்கில் இரு பக்கத்துச் செய்திகளும் (மாற்றத்தைச் சுமந்து வரும் சிறு அலைகளும்) ஷாக்கை நோக்கியே ஓடி வருகின்றன; கலங்கினாலும் தானே தன்னைக் கூர்தீட்டிக்கொள்ளும். கான்டாக்டில் செய்திகள் அதனோடு இணையாகவே போகின்றன; ஒருமுறை கலங்கியது கலங்கியதுதான். இந்த வேறுபாட்டை மனதில் ஏற்றிக்கொண்டால், பிற்பாடு எந்தச் சால்வர் எதற்கு உதவும் என்று ஊகிக்க முடியும்.

இப்போது தோராய சால்வர்கள். இவற்றில் எச்எல்எல்லை முதலில் எடுங்கள். ஹார்டன், லாக்ஸ், வான் லீர் மூவரும் 1983இல் தந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் மிக வேகமாகப் போகும் இரண்டு அலைகளின் வேகத்தை மட்டும் ஊகிக்கிறோம். நடுவில் என்ன இருந்தாலும் அதை ஒரே சராசரியாக வைக்கிறோம். அந்தச் சராசரியை வரவு செலவுக் கணக்கே கொடுத்துவிடும். இருபது வரிக் கோட். ஐகென் வெக்டர் எதுவும் வேண்டாம். வேகங்களைச் சரியாக ஊகித்தால் அடர்த்தி எதிர்மறையாகவும் போகாது. குறை என்னவென்றால் நடு அலையை அது பார்ப்பதே இல்லை. அசையாமல் நிற்கும் கான்டாக்டைக்கூடக் கரைத்துவிடும். திடப் பொருளின் பரப்பை ஒட்டி ஓட்டம் மெதுவாகும் எல்லைப் படலத்தைக் கணக்கிட நினைப்பவர்களுக்கு இது பெரிய கேடு. டோரோவும் அவருடைய கூட்டாளிகளும் 1990களின் தொடக்கத்தில் அந்த நடு அலையை மீட்டுச் சேர்த்ததுதான் எச்எல்எல்சி. என்னைக் கேட்டால், அன்றாட வேலைக்கு அதுவே போதும்.

ரோ செய்தது வேறு. இரண்டு நிலைகளுக்கு நடுவே, அடர்த்தியின் வர்க்கமூலத்தை எடையாக வைத்து ஒரு தனிச் சராசரி கண்டுபிடித்தார். அந்தச் சராசரியில் எழுதிய நேரியல் சமன்பாடு, இரு பக்க ஃப்ளக்ஸின் வித்தியாசத்தை மீதமில்லாமல் தரும். அதனால் சுவரில் ஒரே ஒரு ஷாக் நின்றால் அதை அப்படியே அடையாளம் காணும். நேரியல் என்பதால் அதற்கு விசிறி தெரியாது, தாவல் மட்டுமே தெரியும். −1, 1 சோதனையில் பார்த்த அதே நோய். இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: இரு பக்கமும் அடர்த்தி 1, அழுத்தம் 0.4, திசைவேகம் இடப்பக்கம் −2, வலப்பக்கம் 2. நடுவில் வாயு ஏறக்குறைய வெற்றிடமாகிவிடும், அழுத்தம் 0.0019 அளவுக்கு இறங்கும். ரோ சால்வர் இங்கே எதிர்மறை அழுத்தத்தைத் தந்து நின்றுவிடும். நான் இந்த இடத்தில் பல நாட்கள் என் கோடில் தட்டச்சுப் பிழை தேடிக்கொண்டிருந்தேன். பிழை கோடில் இல்லை, முறையின் இயல்பிலேயே இருந்தது. ஐன்ஃபெல்ட்டும் மற்றவர்களும் 1991இலேயே அதைக் காட்டியிருக்கிறார்கள்.

போகிற போக்கில் ஒன்று: ரீமான் கணக்கே இல்லாமலும் சுவரின் ஃப்ளக்ஸைக் காணலாம். வாயுவின் மூலக்கூறுகளில் வலப்பக்கம் போகிறவை எத்தனை, இடப்பக்கம் போகிறவை எத்தனை என்று, அவற்றின் வேகங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று சொல்லும் மேக்ஸ்வெல் பரவலிலிருந்து பிரித்து இரண்டையும் தனித்தனியே தொகுக்கும் வழி அது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.எம். தேஷ்பாண்டே 1980களிலேயே இதை வளர்த்தெடுத்தார். கோடுனோவ் வழி பழகிய பிறகு அதையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஒரே கேள்விக்கு முற்றிலும் வேறொரு திசையிலிருந்து விடை வருவதைப் பார்க்கும்போது கேள்வியே இன்னும் தெளிவாகும்.

கரைந்துபோன கான்டாக்டைக் கூராக்க, துல்லியத்தை இரண்டாம் படிக்கு, அதாவது செல் அகலம் பாதியானால் பிழை நாலில் ஒன்றாகும் நிலைக்கு, ஏற்ற வேண்டும். செல்லுக்குள் ஒரே சராசரி என்பதற்குப் பதிலாக ஒரு சாய்வுக் கோடு. ஆனால் கோடுனோவ் அதே 1959 கட்டுரையில் ஒரு தடையையும் நிரூபித்திருந்தார்: புதிய மேடு பள்ளங்களை உருவாக்காத எந்த நேரியல் முறையும் முதல் படிக்கு மேல் போக முடியாது. வெளியேறும் வழி, முறையையே நேரியல் அல்லாததாக ஆக்குவது. தரவைப் பார்த்துச் சாய்வை மட்டுப்படுத்த வேண்டும். வான் லீர் 1970களில் வரிசையாக எழுதிய ஐந்து கட்டுரைகள் இந்தப் பாதையை வெட்டிக்கொடுத்தன. எளிய மட்டுப்படுத்தியான மின்மாடில் தொடங்குங்கள்: இரு பக்கச் சரிவுகளும் ஒரே குறி என்றால் சிறியதை எடு, குறி மாறினால் பூஜ்யம். 2, 3 என்றால் 2. 2, −1 என்றால் 0. சாய்வை அடர்த்தி, திசைவேகம், அழுத்தம் ஆகியவற்றில் போடுங்கள். உந்தத்திலும் ஆற்றலிலும் போட்டால் அழுத்தம் எளிதில் எதிர்மறையாகப் போகும். நேரத்தில் அடி வைக்க இரண்டு கட்ட ருங்கே–குட்டா முறை போதும். கோடின் இந்தப் பகுதி முப்பது வரிதான், ஆனால் சோட் படத்தில் வரும் மாற்றம் கண்ணைக் கவரும்.

உங்களுக்கு வேண்டியது வாயு ஓட்டம்தான் என்றாலும், ஆழமில்லா நீர்ச் சமன்பாடுகளில் இரண்டு வாரம் செலவிடுங்கள். மூன்றுக்குப் பதில் இரண்டே சமன்பாடுகள், ஆழமும் உந்தமும். அணை உடைவது அதன் ஷாக் குழாய். அதற்கு மேலாக, வாயுவில் எளிதில் கண்ணில் படாத ஒரு பாடத்தை அது கற்றுக்கொடுக்கிறது. கடல் தரை மேடு பள்ளமாக இருக்கிறது, நீர் அசையாமல் நிற்கிறது. ஃப்ளக்ஸ் வித்தியாசமும் தரைச் சரிவின் விசையும் ஒன்றையொன்று சரியாக ஈடுகட்டிப் பூஜ்யமாக வேண்டும். இரண்டையும் தனித்தனியே, ஆளுக்கொரு தோராயத்தில் கணக்கிட்டால் அவை ஈடுகட்டாது. நின்ற நீரில் தானாக அலை கிளம்பும்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சுனாமியைப் பாருங்கள். வங்கக் கடலில் ஆழம் 3,000 மீட்டர் என்று வைத்தால், ஈர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் விநாடிக்கு 170 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் உயரம்? 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் நடந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 செயற்கைக்கோள் அந்தக் கடலின் மேல் கடந்தபோது அளந்த அலை சுமார் 60 சென்டிமீட்டர். 3,000 மீட்டரில் 60 சென்டிமீட்டர்! உங்கள் முறை நின்ற நீரில் ஒரு மீட்டர் பொய் அலையைக் கிளப்பினால், உண்மை அலை அதில் மூழ்கிவிடும். நின்ற நீரை நின்றபடியே வைத்திருக்கும் முறைகளைத் தேடி இத்தனை பேர் உழைத்ததற்குக் காரணம் இதுதான். கணிதர் லெவெக்கும் அவருடைய மாணவர் டேவிட் ஜார்ஜும் அந்தச் சுனாமி சென்னைக் கரைக்கு வந்து சேர்வதை இவ்வகை முறையில், ரீமான் சால்வரை வைத்தே கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஜியோகிளா என்ற திறந்த மென்பொருள் அந்த வேலையிலிருந்து வளர்ந்தது. நாம் பார்த்து அழுத அலை அது. பாத்தி, மடை என்று தொடங்கிய கணக்கு அதுவரை போகிறது.

இரு பரிமாணத்துக்கு மாறுவது எண்ணுவதைவிட எளிது. ஒவ்வொரு சுவரிலும் அதன் செங்குத்துத் திசையில் அதே ஒரு பரிமாணக் கணக்கு. பக்கவாட்டுத் திசைவேகம் கான்டாக்டோடு சும்மா பயணிக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. மழுங்கிய முனையின் முன் நிற்கும் வில் ஷாக்கைக் கணக்கிட்டால், ரோவும் எச்எல்எல்சியும் சில வேளை நடுக்கோட்டில் அசிங்கமான ஒரு புடைப்பைத் தரும். கார்பங்கிள் என்று பெயர். கான்டாக்டைக் கரைக்கும் எச்எல்எல்லில் அது வராது. அந்த இடத்தில் சால்வரை மாற்றிப் பாருங்கள். உங்கள் எல்லை நிபந்தனையைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம்.

சோதிக்கும் பழக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒவ்வொரு அடியிலும் மொத்த நிறையை அச்சிடுங்கள். மூடிய குழாயில் அது பதினான்கு பதினைந்து இலக்கம்வரை மாறக் கூடாது. சோட் குழாயை இடம் வலமாகத் திருப்பி ஓட்டுங்கள். படம் கண்ணாடிப் பிம்பமாக வர வேண்டும். குறி மாறிய பிழைகள் பாதிக்கு மேல் இதிலேயே சிக்கும். வழவழப்பான அலையில் செல்களை இருமடங்காக்கினால் பிழை நாலில் ஒன்றுக்குப் பக்கத்தில் குறைகிறதா என்று பாருங்கள். ஷாக் இருக்கும் கணக்கில் அதை எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் படி முறையும் அங்கே முதல் படிக்கு இறங்கிவிடும்.

புத்தகம் இரண்டு போதும். தத்துவம் புரிய லெவெக் 2002இல் எழுதிய ஃபைனைட் வால்யூம் நூல்; சூத்திரத்தை எடுத்துக் கோடாக்க டோரோவின் ரீமான் சால்வர் நூல். டோரோவில் துல்லிய சால்வர் பற்றிய நான்காம் அத்தியாயத்தைப் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து படியுங்கள். மொழி பைத்தானே போதும், நூறு செல்லுக்கு எதுவும் மெதுவாக இருக்காது. வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால் இதெல்லாம் மூன்று நான்கு மாதம் பிடிக்கும்.

நீங்கள் ஓபன்ஃபோம் பழகியவர் என்பதால் கடைசியாக ஒரு வேலை தருகிறேன். அதிலுள்ள ரோசென்ட்ரல்ஃபோம் (rhoCentralFoam; பெயரிலுள்ள ரோ அடர்த்தியின் குறியீடு, ரோ சால்வர் அல்ல) ரீமான் கணக்கைத் தீர்ப்பதில்லை. குர்கனோவ் வழி மைய ஃப்ளக்ஸைப் பயன்படுத்துகிறது. வேக ஊகங்களை ஒன்றாக வைத்து எழுதிப் பார்த்தால் அது எச்எல்எல்லின் நெருங்கிய உறவு என்பது தெரியும். அதன் பயிற்சிகளில் ஷாக் குழாய் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் 1,00,000 பாஸ்கல், மறுபக்கம் 10,000. சோடின் குழாயேதான், அலகு மட்டும் வேறு. உங்கள் சொந்தக் கோடில் வந்த திசைவேகத்தை 316.2ஆல் (1,00,000இன் வர்க்கமூலம்) பெருக்குங்கள். நடுப் பகுதியில் விநாடிக்கு 293 மீட்டர், அழுத்தம் 30,300 பாஸ்கல் என்று உங்கள் கோடும் ஓபன்ஃபோமும் சொல்ல வேண்டும். வந்ததும் இரண்டின் அடர்த்திப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, கான்டாக்ட் எதில் எத்தனை செல் பரந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.